ஆற்றுச் சேறு ஏன் கறுக்கிறது? வாசகர் கேள்வி–பதில்

கழிவுநீரிலும் உரத்திலும் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கழிமுகத்தில் சேர்ந்து சேற்றுப் புழுக்களையும் கரையோரச் செடிகளையும் கெடுக்கின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டிப் பினாங்கிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பிறை ஆற்றோரம் தூண்டில் போடுகிறவன். முன்பெல்லாம் வற்றத்தில் மண்வெட்டி போட்டால் விரல் தடிப்பில் உம்புன்-உம்புன் வரும். இப்போது அதே இடத்தில் சிவப்பு நூல் மாதிரிப் புழுதான் கொத்துக் கொத்தாக வருகிறது. கொக்கியில் ஏற்றவே முடியவில்லை. மண்ணைப் புரட்டினால் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஆனாலும் புழு முன்பைவிடக் கூடியிருக்கிறதே, ஆறு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
— தூண்டில்காரர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை ஐயா. புழுவின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, வகை குறைந்திருக்கிறது. கெட்டுப்போகும் சேற்றின் முதல் அடையாளமே அதுதான்.

நீங்கள் சொல்லும் சிவப்பு நூல் புழு கேப்பிட்டெல்லா கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் அளவில் மெலிந்திருக்கும், இரத்தச் சிவப்பாக இருக்கும், சேற்றையே தின்று வாழும். வெதுவெதுப்பான நீரில் பிறந்த ஒன்றரை மாதத்துக்குள் இனம் பெருக்கத் தயாராகிவிடும். உயிர்வளி குறைந்த சேற்றில் மற்றப் புழுக்கள் மடிந்தபின் காலியாகும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் ஏறுவதைப் போலத்தான். அங்கக மாசு கூடக் கூடப் பெரிய புழுக்கள் மறைந்து, சின்னஞ்சிறு வகைகள் ஆயிரக்கணக்கில் பெருகி, கடைசியில் அவையும் இல்லாத வெறும் கறுப்புச் சேறு மிஞ்சும் என்ற இந்த வரிசையைப் பியர்சன், ரோசன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் தொகுத்துக் காட்டினார்கள். உலகின் பல கழிமுகங்களில் இன்றும் அதை வைத்துத்தான் சேற்றின் நிலையை மதிப்பிடுகிறார்கள். உங்கள் இடம் அந்த வரிசையின் நடுவில் இருக்கிறது.

இரைக்கு ஆகும் உம்புன்-உம்புன் நிதானமாக வளரும் இனம். அவற்றில் மார்ஃபைசா வகையைச் சேர்ந்த ஒன்றுக்கு, சிலாங்கூரின் மொரிப் கரையை வைத்து மார்ஃபைசா மொரிபிடி என்று 2014-இல்தான் அறிவியல் பெயரே சூட்டினார்கள். இப்படிப்பட்ட பெரிய புழு ஆழமாக வளை தோண்டி, உடலை அலை அலையாக அசைத்து, மேலேயுள்ள நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். வளை இல்லாத சேற்றில் உயிர்வளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்காது. வளை இருந்தால் அது போகும் ஆழம் வரைக்கும் இறங்கும். வளையின் சுவரைச் சுற்றிப் பழுப்பு வளையம் படிவது அதனால்தான்.

அந்தப் பழுப்புச் சுவரில் இன்னொரு வேலையும் நடக்கிறது. அங்குள்ள பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். சில மில்லிமீட்டர் தள்ளி, உயிர்வளி இல்லாத கறுப்புச் சேற்றிலுள்ள வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். ஆற்றில் வந்த நைட்ரஜன் காற்றோடு போய்விடும். ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வழி இது. புழு போனால் இந்த வழியும் அடைபடும்.

இது எப்படித் தொடங்குகிறது என்றால், நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடியதும் முதலில் பாசி பெருகும். தொடக்கத்தில் புழுக்களுக்கு அது விருந்துதான், சில காலம் எல்லா வகையும் கூடும். பிறகு செத்த பாசி சேற்றின்மேல் படியும், அதை மக்கச் செய்யும் பாக்டீரியா உயிர்வளியை உறிஞ்சிவிடும். நம் கடல் வெப்பமானது என்பதால் இது இன்னும் வேகமாக நடக்கிறது. 10 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும், 30 டிகிரியில் 6 மில்லிகிராமை ஒட்டித்தான் கரையும். உயிர்வளி தீர்ந்ததும் வேறு பாக்டீரியா கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். முட்டை நாற்றம் அதுதான். சேற்றிலுள்ள இரும்போடு அது சேர்ந்தால் கறுப்பு. புழுவின் உயிரணுக்கள் சுவாசிக்க முடியாமல் போவதும் இந்த ஹைட்ரஜன் சல்பைடால்தான்.

அடுத்த முறை போகும்போது மண்வெட்டியால் நேராக ஒரு வெட்டு வெட்டி, சுவர் கலையாமல் எடுத்து உடனே பாருங்கள். சற்று நேரம் விட்டால் காற்றுப் பட்டுக் கறுப்பு வெளுத்துவிடும். மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் பழுப்பும், அதிலிருந்து கீழே கோடு கோடாகப் பழுப்பு இறங்குவதும் நல்லது. பழுப்பு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு என்றால் சேறு திணறுகிறது. மேற்பரப்பே கறுத்து, அதன்மேல் பஞ்சு படர்ந்தாற்போல் வெள்ளைப் படலம் இருந்தால் கந்தகம் தின்னும் பாக்டீரியா மேலேறி வந்துவிட்டது என்று பொருள். கண்டல் காட்டுச் சேறு ஆழத்தில் இயல்பாகவே கறுப்பாகத்தான் இருக்கும், இலேசாக நாறவும் செய்யும். ஆகவே நாற்றத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கறுப்பு எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

உங்களுக்குத் தூண்டில் இரை போயிற்று. தெலுக் ஆயர் தாவார், கோலா மூடா கரைச் சேற்றுவெளியை நம்பி வடக்கிலிருந்து ஆண்டுதோறும் பறந்து வரும் கரைப்பறவைகளுக்கு உணவே போகும். நீண்ட அலகை ஆழமாக விட்டு எடுக்கும் பறவைக்குப் பெரிய புழு வேண்டும். நூல் புழுவைப் பொறுக்கிப் பொறுக்கித் திரும்பிப் பறக்கும் அளவுக்குக் கொழுப்பைச் சேர்ப்பது கடினம்.

கேள்வி: செடிக்கு உரம் போட்டால் செழிக்கும் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கடல்நீர் ஏறி இறங்கும் உவர் சதுப்பில் வளரும் செடிகளுக்கு மட்டும் அது எப்படிக் கேடாகும்? நம் நாட்டில் உவர் சதுப்பு இருக்கிறதா?
— அறிவியல் ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: செழிக்கும் டீச்சர். கேடும் அந்தச் செழிப்பின் வழியாகத்தான் வருகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளம் ஐலண்ட் கழிமுகத்தில் 2004-இல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஒரு பரிசோதனை நடந்தது. ஓடைகளில் ஏறும் கடல்நீரில் நைட்ரேட்டைக் கலந்து, லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும்படி செய்தார்கள். மக்கள் நெருங்கி வாழும் கரைகளில் சாதாரணமாகக் காணும் அளவுதான் அது. கரையோரப் புல் உயரமாக வளர்ந்தது. ஆனால் சில ஆண்டுகளில் ஓடைக்கரையில் வெடிப்பு விழுந்தது, பிறகு கரை புல்லோடு பெயர்ந்து ஓடைக்குள் சரிந்தது. முடிவுகள் 2012-இல் வெளியாயின.

அதற்குக் காரணம் இரண்டு. உணவு தேடி வேர் விடவேண்டிய தேவை இல்லாததால் செடி தண்டையும் இலையையும் வளர்த்தது, வேரைக் குறைத்தது. தலைப்பாரம் கூடியது, கரைச்சேற்றைப் பிணைக்கும் நார் குறைந்தது. இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. உயிர்வளி இல்லாத ஆழத்தில் பழைய வேர்கள் மக்காமல் கிடப்பதால்தான் சதுப்பு நிலம் உயர்ந்து, கடல் மட்டத்துக்கு ஈடு கொடுக்கிறது. நைட்ரேட் ஆழத்துக்கு இறங்கினால் பாக்டீரியா உயிர்வளிக்குப் பதில் அதைக் கொண்டே சுவாசித்து, பல காலமாகச் சேர்ந்த வேர்ப்பொருளைத் தின்ன ஆரம்பிக்கும். கரை உள்ளுக்குள்ளேயே இளகிவிடும்.

எல்லா இடத்திலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். அதே மாநிலத்தின் கிரேட் சிப்பெவிசெட் சதுப்பில் 1970-களிலிருந்து உரம் தூவி வருகிறார்கள். அங்கே கரை இப்படிச் சரியவில்லை. உரத்தின் வகையும் அது வந்து சேரும் விதமும் வேறு. நைட்ரேட்டாக நீரில் கரைந்து வருவது ஒரு விளைவைத் தரும், திட உரமாக மேலே தூவுவது இன்னொன்றைத் தரும்.

நம் நாட்டில் குளிர்நாடுகளைப் போலப் பரந்த புல் சதுப்பு கிடையாது. அந்த இடத்தைக் கண்டல் காடு எடுத்துக்கொள்கிறது. கண்டலுக்குப் பின்னாலும் திறந்த மேட்டிலும் வங்காரவள்ளிக் கீரை போன்ற உவர்ச் செடிகள் சிறு சிறு திட்டுகளாக இருக்கும். ஆனால் வேர்க்கணக்கு கண்டலுக்கும் பொருந்துகிறது. பல நாட்டுக் கண்டல் காடுகளில் உரமிட்டுப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரஜன் கிடைத்த மரங்கள் வேரைவிட இலையை அதிகம் வளர்த்தன. மழை குறைந்து சேற்றில் உப்பு ஏறிய இடங்களில் உரமிடாதவற்றைவிட அவையே அதிகம் மடிந்தன. வகுப்பில் காட்ட எளிய வழி உண்டு. ஒரே கீரையை இரண்டு தொட்டியில் வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் யூரியாவை இலேசாகக் கரைத்து ஊற்றி, ஆறு வாரம் கழித்து வேரைக் கழுவி, தண்டையும் வேரையும் தனித்தனியே உலர்த்தி எடை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளிச் செயல்திட்டத்துக்காக ஆற்றுச் சேற்றுப் புழுவையும் நீரையும் ஆராய விரும்புகிறோம். பெரிய கருவிகள் இல்லை. எப்படிச் செய்வது?
— படிவம் நான்கு மாணவர்கள், சுங்கை பாக்காப்

பதில்: தம்பி, தங்கைகளே, ஆசிரியர் இல்லாமல் இறங்காதீர்கள். வற்றம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது இறங்கி, நீர் திரும்புமுன் ஏறிவிட வேண்டும். சேறு முழங்காலைத் தாண்டும் இடத்தில் கால் வைக்காமல் பலகை போட்டு நில்லுங்கள். வெறுங்காலோடு போகாதீர்கள். செம்பிலாங் மீனின் முள்ளும் திருக்கையின் வாலும் கடுமையானவை.

10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, 15 சென்டிமீட்டரில் கோடு போடுங்கள். சேற்றில் கோடு வரை அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடி இழுத்தால் சேறு உருளையாக வரும். லோங்காங் (வடிகால்) வந்து விழும் வாயருகே, அங்கிருந்து 50 மீட்டரில், 200 மீட்டரில் என்று மூன்று இடம், இடத்துக்கு ஐந்து குழாய். ஒன்றே ஒன்று எடுத்தால் புழுக்கூட்டத்தின் நடுவிலோ வெற்றிடத்திலோ விழுந்து கணக்கு தப்பும்.

சல்லடைக் கண் 0.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 1 மில்லிமீட்டர் கண்ணில் சிறு கேப்பிட்டெல்லா எல்லாம் நழுவிப்போய், மிக மோசமான இடம் 'புழுவே இல்லாத சுத்தமான இடம்' என்று தெரியும். கடல்நீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் புழு உப்பி உடைந்துவிடும். எடுத்தவற்றை 70 விழுக்காடு ஆல்கஹாலில் போடுங்கள். ஃபார்மலின் பள்ளிக்கு வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நூல் புழு, பக்கக் கால்கள் உள்ள புழு, குழாய்க்குள் வாழும் புழு என்று பிரித்து எண்ணினாலே போதும்.

ஐந்து குழாயின் மொத்தப் பரப்பு 392.5 சதுர சென்டிமீட்டர். எண்ணிக்கையை 25.5-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு வரும். 40 புழு என்றால் 1,020. ஒவ்வோர் இடத்திலும் சேற்றை ஒரு போத்தலில் நீரோடு குலுக்கி வைத்து மணல் எவ்வளவு அடியில் நிற்கிறது என்றும் பாருங்கள். மணல் சேற்றையும் குழைச் சேற்றையும் ஒப்பிட்டால் வித்தியாசம் மாசால் வந்ததா மண்ணால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

நீருக்கு, மீன் வளர்ப்புக் கடையில் விற்கும் அமோனியா, நைட்ரேட், பாஸ்பேட் சோதனைப் பெட்டிகள் போதும். கடல்நீருக்கும் ஏற்றதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். போத்தலை அதே நீரில் மூன்று முறை அலசி, மேற்பரப்புக்கு ஒரு முழம் கீழே நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சோதியுங்கள். மறுநாள் என்றால் பாக்டீரியா ஒரு பகுதியைத் தின்றிருக்கும். பெட்டி காட்டும் நைட்ரேட் அளவை 4.43-ஆல் வகுத்தால் நைட்ரஜன், பாஸ்பேட்டை 3.07-ஆல் வகுத்தால் பாஸ்பரஸ். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஒப்பீடே தலைகீழாகும்.

ஒவ்வொரு போத்தலுக்கும் உப்பளவு எடுக்க மறக்காதீர்கள். உப்பு கிடைமட்டத்தில், நைட்ரேட் செங்குத்தில் வைத்து வரைபடம் போடுங்கள். ஆற்று நீரும் கடல்நீரும் வெறுமனே கலந்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். ஒரு புள்ளி கோட்டுக்கு மேலே நின்றால் இடையில் ஏதோ கலக்கிறது. கீழே நின்றால் பாசியோ சேறோ இழுத்துக்கொள்கிறது. இது இல்லாமல், ஏற்றத்தில் எடுத்த நீர் சுத்தம், வற்றத்தில் எடுத்தது அசுத்தம் என்று மட்டும்தான் உங்களால் சொல்ல முடியும். அது எல்லாருக்கும் தெரிந்ததே.

கேள்வி: ஆற்று நீரின் தரக் குறியீடு முன்னைவிட உயர்ந்திருக்கிறது என்று படிக்கிறோம். ஆனால் கழிமுகத்தில் பாசி குறைந்ததாகத் தெரியவில்லையே?
— ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர், ஜெலுத்தோங்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம் ஐயா. மலேசிய நீர்த் தரக் குறியீடு ஆறு அளவுகளால் ஆனது: கரைந்த உயிர்வளி, பி.ஓ.டி. (கழிவை மக்கச் செய்யப் பாக்டீரியாவுக்கு வேண்டிய உயிர்வளி), சி.ஓ.டி. (அதையே வேதிமுறையில் எரிக்க வேண்டிய உயிர்வளி), அமோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பி.எச். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் காற்று ஊதி அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிட்டால் குறியீடு ஏறும். மீனுக்கும் அது நல்லதுதான், அமோனியா நேரடி நஞ்சு. ஆனால் நைட்ரஜன் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, உருவம் மாறியிருக்கிறது. கழிமுகத்துப் பாசிக்கு இரண்டும் உணவு. காற்று ஊதிய பிறகு காற்றில்லாத கட்டம் ஒன்றையும் வைத்து, நைட்ரேட்டை வாயுவாக விரட்டும் நிலையங்களில்தான் நைட்ரஜன் மெய்யாகவே குறையும். 2009-ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகளில் ஆற்றில் விடும் நீருக்கு அமோனியா நைட்ரஜன் வரம்பு ஏ தரத்துக்கு (குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடுவது) லிட்டருக்கு 10 மில்லிகிராம், பி தரத்துக்கு (மற்ற இடங்கள்) 20. ஆற்றில் கலந்து நீர்த்துப்போவதை நம்பி வைத்த வரம்புகள் இவை. பிளம் ஐலண்டில் கரையைச் சரித்தது 1 மில்லிகிராம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டோடு மொத்த நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ் இரண்டையும் வெளியிட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

கேள்வி: எங்கள் இறால் குளத்தில் மருந்து எதுவும் போடுவதில்லை, தீவனம் மட்டும்தான். அந்த நீரை ஆற்றில் விட்டால் என்ன கெடும்?
— குளக்காரர், நிபோங் திபால்

பதில்: தீவனம்தான் உரம் அண்ணே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் இறால் எடுக்க ஒன்றரை டன் தீவனம் போகிறது என்று வையுங்கள். 36 விழுக்காடு புரதம் என்றால் அதில் 540 கிலோ புரதம், 6.25-ஆல் வகுத்தால் 86 கிலோ நைட்ரஜன். ஒரு டன் இறாலின் உடம்பில் போவது ஏறக்குறைய 29 கிலோ. மீதி 57 கிலோ குளத்திலும் அடிச்சேற்றிலும் வெளியே விடும் நீரிலும் இருக்கிறது. இரண்டரை மூட்டை யூரியாவில் உள்ள நைட்ரஜன் அது. அறுவடைக்கு அறுவடை ஓடையில் இரண்டரை மூட்டை யூரியாவைக் கொட்ட மனம் வராது அல்லவா?

முதலில் தீவனத் தட்டு. குளத்துக்கு நாலு தட்டாவது வைத்து, போட்ட ஒன்றரை மணி நேரத்தில் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறையுங்கள். கனமழை பெய்த அன்றும், விடியற்காலை உயிர்வளி குறைந்த அன்றும் இறால் தின்னாது. வழக்கம் என்று போடுவதெல்லாம் சேற்றுக்குத்தான். தீவனம் குறைந்தால் உங்கள் செலவும் குறையும் என்பதால் தொடங்க வேண்டிய இடம் இது.

அடுத்தது வடிப்பு. குளத்தை வடிக்கும்போது கடைசி ஐந்தில் ஒரு பங்கு நீரில்தான் கசடு பெரும்பாலும் வரும். அதையாவது ஆற்றில் விடாமல் தேக்கக் குளத்துக்குத் திருப்பி ஒரு நாள் நிறுத்துங்கள். கசடு அடியில் தங்கும், அதோடு பாஸ்பரஸின் பெரும்பகுதியும் தங்கும். கரைந்த அமோனியா தங்காது. அதற்குத் தேக்கக் குளத்துக்குப் பின்னால் பாசியோ கடற்களையோ வளரும் இன்னொரு குளம் வேண்டும். வழித்தெடுத்த அடிச்சேற்றை ஆற்றங்கரையில் குவிக்காதீர்கள், முதல் மழையிலேயே உள்ளே போய்விடும். குளோரின் போட்ட நீரை, வாசனை போய்ச் சோதனையில் குளோரின் இல்லை என்று தெரியும்வரை திறக்காதீர்கள். ஓடையில் எஞ்சியிருக்கும் புழுவையும் அது கொன்றுவிடும். வற்றத்தில் விட்டால் கடலுக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆறு மணி நேரத்தில் ஏற்றம் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும், உங்கள் குளத்துக்கே நீர் எடுக்கும் வாய்க்காலுக்கும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மணல் படுக்கையில் புழு வளர்த்து, இறால் குளத்து நீரை அதன் வழியே வடிகட்டும் முறையை வெற்றிகரமாகச் சோதித்திருக்கிறார்கள். புழு மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் வடிகட்டி அடைபடுவதில்லை, புழுவும் விற்பனைக்கு ஆகிறது. நீங்களும் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். ஆனால் அந்தப் புழுவைத் தாய் இறாலுக்கு உயிரோடு கொடுத்துவிடாதீர்கள். வெள்ளைப்புள்ளி நோயைப் புழு தாங்கிவந்து இறாலுக்குத் தொற்றவைக்கும்.

கேள்வி: தாமானில் இருக்கும் நாங்கள் ஆற்றுக்காக என்ன செய்ய முடியும்? எங்கள் வீட்டில் செப்டிக் தொட்டிதான்.
— இல்லத்தரசி, பிறை

பதில்: ஒரு மனிதரின் சிறுநீர், மலத்தில் நாளுக்கு 10 முதல் 12 கிராம் நைட்ரஜன் போகிறது அம்மா. செப்டிக் தொட்டி கசடைப் பிடிக்கும், கரைந்த நைட்ரஜனைப் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்காவிட்டால் கசடும் வெளியேறும், ஆகவே அதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய வீடுகளில் சமையலறைத் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் தொட்டிக்குப் போகாமல் நேரே லோங்காங்கில் விழும். சாப்பாட்டு மிச்சத்தைக் கழுவித் தள்ளாமல் குப்பையிலோ மண்ணிலோ போடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். சலவைத்தூள் பொட்டலத்தில் பாஸ்பேட் இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கோழி எரு போடும் நாளில் வானத்தையும் பாருங்கள், மழைக்கு முன் போட்டது வேருக்குச் சேராது. உங்கள் வட்டாரத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வந்தால் தயங்காமல் இணைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அது பெரியது.

கேள்வி: தொட்டி முறையில் மிளகாய் போட்டிருக்கிறேன். பையிலிருந்து வடியும் ஏ–பி உரநீர் (ஏ, பி என்ற இரு கரைசலைக் கலந்தது) கொஞ்சம்தான். அதையும் பார்க்க வேண்டுமா?
— விவசாயி, கெப்பாலா பத்தாஸ்

பதில்: பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கரைசலில் லிட்டருக்கு 150 முதல் 200 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும், பெரும்பாலும் நைட்ரேட்டாக. வடிந்த ஒரு லிட்டர், 150 லிட்டருக்குமேல் சுத்தமான நீரைப் பிளம் ஐலண்ட் அளவுக்குக் கொண்டுபோகும். வடிநீரைத் தகரக் கால்வாயில் சேர்த்து, தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் தங்கை மகள், 'எங்கள் ஊரில் புழுதான் உவர் சதுப்பை அழிக்கிறது' என்கிறாள். நீங்கள் புழு நல்லது என்கிறீர்கள். யார் சொல்வது சரி?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அவர் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. தென்கிழக்கு இங்கிலாந்தில் ராக்வார்ம் என்னும் சேற்றுப்புழு, உவர்ச் செடிகளின் விதைகளை வளைக்குள் இழுத்துப் புதைக்கிறது, நாற்றுகளைத் தின்கிறது, சேற்றைக் கிளறி இளக்குகிறது. புழு நுழையாமல் தடுத்த சோதனைத் திட்டுகளில் செடி முளைத்தது. இதை வைத்து 2004-இல் சில ஆய்வாளர்கள் சதுப்பு அழிவுக்குப் புழுவே முக்கியக் காரணம் என்றார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். கடல் மட்டம் உயர்வதும், பின்னால் கடற்சுவர் நிற்பதால் சதுப்பு உள்ளே நகர முடியாததும், அலை அரிப்பும்தான் பெரிய காரணங்கள் என்பது அவர்கள் வாதம்.

எங்கள் கருத்து இது: வளர்ந்த செடி நிற்கும் இடத்தில் புழு தீங்கு செய்வதில்லை. செடி ஏற்கெனவே போய்விட்ட வெற்றுச் சேற்றில், புதிய நாற்று தலை தூக்குவதை அது தடுக்கும். ஊட்டச்சத்து மாசு அந்த இடத்தில் புழுவுக்கு உணவான பாசியைப் பெருக்குகிறது. கூடவே பச்சைப் பாசி கம்பளம் போலப் படர்ந்து நாற்றை அமுக்குகிறது. புழுவைக் குற்றம் சொல்வதைவிட நைட்ரஜனைக் குறைப்பதுதான் வழி என்பதை அங்கும் உணர்ந்திருக்கிறார்கள். தென் இங்கிலாந்தின் சோலண்ட் கரையையொட்டிப் புதிய வீடு கட்டுவோர், அதனால் கூடும் நைட்ரஜனுக்கு ஈடு காட்ட வேண்டும் என்ற ஆலோசனை 2019-இல் வந்தது.

கேள்வி: இப்படிப்பட்ட சேற்றில் எடுத்த கெராங் சிப்பி சாப்பிடலாமா?
— வாசகர், ஜோர்ஜ்டவுன்

பதில்: நைட்ரஜனும் பாஸ்பரஸும் கெராங்கை நஞ்சாக்குவதில்லை. ஆனால் அவற்றைக் கொண்டுவரும் கழிவுநீரில் கிருமியும் வருகிறது, கெராங் நீரை வடிகட்டித் தின்பதால் அதைத் தன்னுள் சேர்த்துவைக்கும். கொதிநீரை ஊற்றி இரத்தம் சொட்டச் சொட்ட எடுப்பது போதாது. சதையின் உள்ளே 90 டிகிரி சூடு ஒன்றரை நிமிடம் இருந்தால்தான் மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ கிருமி சாகும். சார் குவேய் தியாவில் கெராங்கை நன்றாக வேகவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: சுத்தமான இடத்திலிருந்து உம்புன்-உம்புன் கொண்டுவந்து எங்கள் ஆற்றுச் சேற்றில் விட்டால், நீங்கள் சொன்னபடி அவையே ஆற்றைக் கழுவிவிடுமே? நாங்கள் இளைஞர்கள் சிலர் செய்யத் தயார்.
— வாசகர், பாலேக் பூலாவ்

பதில்: உங்கள் ஆர்வத்தை மதிக்கிறோம், ஆனால் விடாதீர்கள். கறுப்பு மேலேறிய சேற்றில் அவை சில நாளில் மடியும், எடுத்த இடத்திலும் குறையும். புழு வராததற்குக் காரணம் குஞ்சு இல்லாமை அல்ல. பெரும்பாலான சேற்றுப் புழுக்களின் குஞ்சுகள் நீரோடு மிதந்து, ஏற்றத்தோடு தாமாகவே வந்துகொண்டிருக்கும். சேறு ஏற்காததால்தான் தங்குவதில்லை.

அந்த உழைப்பை லோங்காங் வாய்க்குத் திருப்புங்கள். வற்றத்தில் நடந்து, எந்த எந்த வாயிலிருந்து மழையில்லாத நாளிலும் நீர் வடிகிறது என்று குறித்துப் படமெடுங்கள். மழையில்லா நாளில் வடிவது மழைநீர் அல்ல. அங்கே அமோனியா சோதித்து, நாள், நேரம், வற்றமா ஏற்றமா என்பதோடு எழுதி, சுற்றுச்சூழல் துறைக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் கொடுங்கள். ஒரு வாய் அடைபட்டால் சேறு உடனே மாறாது. இத்தனை காலம் இரும்போடு ஒட்டிக் கிடந்த பாஸ்பரஸ், உயிர்வளியற்ற சேற்றிலிருந்து இன்னும் சில ஆண்டு வெளிவந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் மண்வெட்டி போட்டுப் பழுப்புத் தடிப்பை அளந்து எழுதிவாருங்கள். பழுப்பு கீழே இறங்கத் தொடங்கினால், அடுத்து நூல் புழு குறையும், பிறகு வளைத் துளைகள் தெரியும்.